எட்டு நாளில் ஆறு நாடு: அம்மாவோடு போன பஸ் பயணம்

சின்னம்மா முற்றத்துக் கதிரையில் இருந்து தேத்தண்ணியை ஒரு வாய் குடித்ததுமே கேட்டுவிட்டார். "தம்பி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன அந்த பஸ்காரற்ற நம்பர் இருக்கே? பிரான்ஸில நிக்கிற என்ர பெடியன் வாற ஓகஸ்ட்டுக்கு என்னைக் கூப்பிடுறான். நானும் அதிலயே ஒருக்கால் சுத்தி வருவம் எண்டு பாக்கிறன்."

நான் தைப்பொங்கலுக்குக் கிளிநொச்சியில் இருக்கிற எங்கள் ஊர் வட்டக்கச்சிக்கு வந்து மூன்று கிழமை ஆகிறது. இந்தக் கேள்வியோடு வந்தவர்களில் சின்னம்மா நாலாவது ஆள். எல்லாம் அம்மாவின் வேலை. போன ஓகஸ்ட்டில் ஜேர்மனியில் டோர்ட்முண்ட் நகரத்தில் என்னோடு வந்து நின்றபோது எட்டு நாள் பஸ்ஸில் சுற்றியதை அவர் ஊரில் சொல்கிற விதமே தனி. அருவி, மாடு, படகு, லூர்து மாதா என்று வரிசையாகச் சொல்வார். கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கே திரும்பப் போகவேண்டும்போல இருக்கும். கழிப்பறை வரிசையும் புளித்த சோறும் சில்லுக்கு மேலே கிடைத்த இருக்கையும் அந்தக் கதையில் ஒருநாளும் வராது. ஆகவே காசு கட்டியவன் என்ற முறையில் மிச்சத்தை நான் எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே பயணத்தை இதே மாதிரி நடத்துகிற வேறு ஆட்களும் இருக்கிறார்கள், பெயர் மட்டும்தான் மாறும்.

முதலில் ஏன் இந்த அவதிக்குள் போய் விழுந்தேன் என்று சொல்லவேண்டும். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் நோ, சீனி வருத்தம், பிரஷர். தங்கச்சி கிளிநொச்சியில் ஆசிரியை. அவளுக்கும் அவளுடைய ஒன்பது வயதுப் பெடியனுக்கும் பள்ளிக்கூட விடுமுறை மட்டும்தான் கணக்கு. மச்சான் மாட்டையும் வயலையும் விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். விசா எடுத்ததே ஒரு தனிப் பயணம். நான் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் 29 யூரோ கட்டி, இவர்களுடைய செலவுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்து வைக்கவேண்டும். அந்தக் கடிதம் கொழும்புக்குப் போகவேண்டும். ஆளுக்கு 90 யூரோ விசாக் கட்டணம், பெடியனுக்கு 45. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி. கடைசியில் அம்மாவுக்கு 90 நாளும் தங்கச்சிக்கும் மகனுக்கும் 30 நாளும் கொடுத்தார்கள். அந்த 30 நாள்தான் என்னைக் கெடுத்தது. இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தவர்களுக்கு எல்லாவற்றையும் காட்டிவிடவேண்டும் என்ற அவசரம் வந்துவிட்டது. ஒரே விசாவில் சுவிஸ், பிரான்ஸ், பெல்ஜியம், ஹொலண்ட் எல்லாம் போகலாம்தானே. லண்டன் மட்டும் அதற்குள் வராது, அதற்கு வேறு விசா. லண்டன் மாமா இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

மற்றக் காரணம் பிரான்ஸில் இருக்கிற லூர்து மாதா கோவில். நாங்கள் சைவம்தான், ஆனாலும் அம்மா மன்னாரில் இருக்கிற மடு மாதா கோவிலுக்குப் போகாத வருடம் குறைவு. தங்கச்சிக்குப் பிள்ளை கிடைத்தால் லூர்துக்கு வருகிறேன் என்று அவர் எப்போதோ நேர்ந்திருந்தாராம். டோர்ட்முண்டில் இருந்து லூர்து எங்கே இருக்கிறது என்று நேரும்போது யார் பார்த்தார்கள்?

விளம்பரத்தில் எட்டு நாள், ஆறு நாடு, தமிழ்ச் சாப்பாடு, தமிழ் வழிகாட்டி, லூர்து உட்பட என்று இருந்தது. பெரியவர்களுக்கு 940 யூரோ, பிள்ளைகளுக்கு 690. நான், மனைவி, மகள், அம்மா, தங்கச்சி, மருமகன். அம்மாவின் காலுக்காக முன் இருக்கை இரண்டுக்கு 30 யூரோப்படி கூடக் கட்டினேன். மொத்தம் 5,200 யூரோ. அந்த ஆறு நாட்டில் ஒன்று ஜேர்மனி என்பது பஸ் ஏறிய பிறகுதான் விளங்கியது. அதாவது ஏறின இடத்தையும் ஒரு நாடாக எண்ணியிருக்கிறார்கள்.

முதல்நாள் விடிய ஐந்து மணிக்கு டோர்ட்முண்டில் ஏறினோம். முன் இருக்கைகளில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் 30 யூரோ கட்டித்தான் இருந்தார்கள். வழிகாட்டித் தம்பி சிரித்த முகத்தோடு, "அண்ணா, முதல் ஹோல்ற்றில மாத்தித் தாறன்" என்றார். அந்த ஹோல்ற் எட்டு நாளும் வரவில்லை. அம்மாவுக்குக் கிடைத்தது பின்சில்லுக்கு மேலே இருக்கிற இருக்கை. கால் வைக்கும் இடம் மேடாக இருக்கும், முழங்காலை மடித்துக்கொண்டே இருக்கவேண்டும். தங்கச்சி ஒவ்வொரு மணித்தியாலமும் சித்தாலேப பூசிக்கொண்டு வந்தாள். இரண்டாம் நாள் பஸ் முழுக்க அந்த மணம்தான். பின்னால் இருந்த ஒருவர் தனக்கும் கொஞ்சம் தரச்சொல்லி வாங்கிப் பூசினார்.

இனிக் கழிப்பறைக் கதை. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்த ஒரு பகுதியையாவது கவனமாக வாசியுங்கள். பஸ்ஸில் கழிப்பறை இருந்தது, பூட்டியும் இருந்தது. "அவசரத்துக்கு மட்டும்" என்றார்கள். சீனி வருத்தக்காரருக்கு எது அவசரம், எது அவசரமில்லை? ஜேர்மன் பெருந்தெருக்களில் பல தரிப்பிடங்களில் உள்ளே போக ஒரு யூரோ போடவேண்டும். அதற்கு ஒரு துண்டு வரும், பக்கத்துக் கடையில் ஒரு யூரோவுக்குச் சாமான் வாங்க அதைப் பாவிக்கலாம். ஹொலண்டிலும் பெல்ஜியத்திலும் நின்ற இடங்களிலும் காசுதான். பிரான்ஸின் பெருந்தெருத் தரிப்பிடங்களில் காசில்லை, ஆனால் 49 பேர் ஒரே நேரத்தில் இறங்கினால் பெண்கள் பக்க வரிசை வெளியே வாசல் மட்டும் வரும். சாரதிகள் நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிடம் நிற்கவேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். அந்த 45 நிமிடத்தை நம்பித்தான் நிறுத்தங்களைப் போட்டிருக்கிறார்கள். அது சாரதியின் களைப்பைப் பார்த்து எழுதிய சட்டம். பஸ்ஸில் இருக்கிறவர்களின் வயிற்றுக்கு அதில் கணக்கில்லை.

அம்மா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். பிரசெல்ஸில் 102 மீற்றர் உயர அற்றோமியம் என்ற கட்டடத்துக்குக் கீழே நின்று படம் எடுக்கும்போது தலை சுற்றி வாங்கிலில் இருந்துவிட்டார். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அன்றைக்கு நான் வழிகாட்டியோடு சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு கழிப்பறையின் திறப்பு சாரதியின் சட்டைப் பைக்கு வந்தது. அந்தச் சாரதி, போலந்துக்காரர், எங்களோடு ஒரு சொல் கதைக்க மொழி இல்லை, ஆனால் அவ்வளவு பேரிலும் நல்ல மனுஷன் அவர்தான். பஸ் படி உயரம் என்று ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து வைத்து அம்மாவைக் கைபிடித்து இறக்குவார். அம்மா அவரைத் "தம்பி" என்றே கூப்பிட்டார். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு யூரோத் துண்டுகளை அம்மா ஒன்றும் விடாமல் சேர்த்தார். மகள் தன்னுடையதை எறியப் போனபோது பறித்து வாங்கினார். "நிவாரணத் துண்டுமாதிரித்தானே பிள்ளை, இதை ஆரும் எறிவினமே?" என்றார். திரும்பி வரும்போது எல்லாவற்றையும் கொடுத்து மருமகனுக்கு ஒரு சொக்லேட்டும் ஒரு போத்தல் தண்ணீரும் வாங்கினோம். அந்தக் கடை விலைக்கு அவ்வளவுதான் வரும்.

ஆம்ஸ்டர்டாமைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கால்வாயில் ஒரு மணித்தியாலப் படகு, வெயில், காற்று. மருமகன் சைக்கிள் எண்ணத் தொடங்கி நானூறோடு விட்டுவிட்டான். "பொருளாதாரத் தடை நேரம் கிளிநொச்சியும் இப்பிடித்தான் இருந்தது, எல்லாரும் சைக்கிள்தான்," என்றார் அம்மா. "ஆனா எங்களுக்கு மண்ணெண்ணெயும் இல்லை." பெல்ஜியம் அரைநாள், மழையும் வோபிளும்.

பாரிஸ் என்று அச்சடித்திருந்த ஹோட்டல் பாரிஸில் இல்லை, வெளியே நாற்பது கிலோமீற்றரில் ஒரு வட்டச் சந்திக்குப் பக்கத்தில் இருந்தது. கேத்தில் கிடையாது. அம்மாவுக்கு விடியச் சுடுதண்ணீர் வேண்டும் என்று மனைவி வீட்டில் இருந்து கேத்தில் கொண்டுவந்திருந்தாள். அதைப் போட்டதும் அந்த மாடி முழுக்க மின்சாரம் போனது. மாடியில் இருந்தவர்களெல்லாம் தமிழர் என்றபடியால் பெரிய பிரச்சினை ஆகவில்லை. ஈபிள் கோபுரத்துக்கு 45 நிமிடம் தந்தார்கள். ஏறுவதற்கு இல்லை, ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுப்பதற்கு. 1889 இல் கட்டின, 330 மீற்றர் உயரமான சாமானைப் பார்க்க எட்டாயிரம் கிலோமீற்றர் தாண்டி வந்த பிள்ளைக்கு ஏறக் கிடைக்கவில்லை. அவன் பஸ்ஸில் அழுததற்கு நான் என்ன சொல்லித் தேற்றுவது? "மாமா, பிறகென்னத்துக்கு வந்தனாங்கள்?" என்றான். கேள்வி சரிதானே.

ஆனால் லா சப்பலில் விட்ட இரண்டு மணித்தியாலத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், போபூர் சென் தெனி வீதி. முருங்கைக்காய், இராசவள்ளிக் கிழங்கு, புடவைக் கடை, நகைக் கடை. அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு, பக்கத்து மேசையில் இருந்த பெண்ணோடு கதை கொடுத்து, அவர் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தர்மபுரம் என்று கண்டுபிடித்து, அவருடைய மாமியார் எங்கள் தூரத்துச் சொந்தம் என்பதுவரை போய்விட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வழிகாட்டி மூன்று தரம் வந்து கூப்பிட்டார். பாரிஸ் எப்படி என்று இப்போது யாராவது கேட்டால் அம்மா அந்தப் பெண்ணைப் பற்றித்தான் சொல்கிறார்.

அன்றிரவுதான் பெரிய சோதனை. பாரிஸில் இருந்து லூர்து 850 கிலோமீற்றர் வரும், இரவிரவாக பஸ்ஸில் போவது என்று திட்டம். ஹோட்டல் காசு மிச்சம்தானே அவர்களுக்கு. இரண்டு சாரதிகள் மாறி மாறி ஓட்டினார்கள், அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பன்னிரண்டு மணிவரை காணொளித் திரையில் படம், அதுவும் முழுச் சத்தத்தில். பிறகு குளிரூட்டி. 49 பேருக்குப் போர்வை பதினைந்துதான் இருந்தது. அம்மாவின் கால் இரண்டும் வீங்கி, காலையில் சப்பாத்துக்குள் போகவில்லை. லூர்தில் அவர் பாட்டாவோடுதான் இறங்கினார்.

லூர்துக்காகவே நான் இந்தக் காசு கட்டினேன், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும். 1858 மாசி 11 ஆம் திகதி பெர்னதெத் என்ற பதினாலு வயதுப் பிள்ளை விறகு பொறுக்கப் போன இடத்தில் மாதாவைக் கண்டாள் என்பது கதை. மொத்தம் பதினெட்டுத் தரம் கண்டிருக்கிறாள். விறகு பொறுக்கப் போனவள் என்றதும் அம்மாவுக்கு அவளோடு ஒரு ஒட்டு வந்துவிட்டது. குகைக்கு முன்னால் வரிசை நீளம், ஆனால் ஒருவரும் இடிக்கவில்லை. கற்சுவரைக் கையால் தடவிக்கொண்டே நகர்கிறார்கள். தொட்டுத் தொட்டே அந்தக் கல் வழுவழுப்பாகியிருக்கிறது. வெளியே குழாய்களில் ஊற்றுத் தண்ணீர் வருகிறது, காசில்லை. கடைகளில் மாதா வடிவத்துப் போத்தல் விற்கிறார்கள். அம்மா அதை வாங்கவில்லை. ஹோட்டலில் குடித்து முடித்த இரண்டு லீற்றர்ப் போத்தலைக் கழுவி வைத்திருந்தார், அதில் நிரப்பினார்.

மருமகனின் தலையில் மூன்று தரம் தண்ணீரைத் தெளித்துவிட்டு அம்மா மெழுகுதிரி கொளுத்தினார். பிறகு வாங்கிலில் இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். சனத்தைப் பார்த்துக்கொண்டு, "மடு மாதாவும் இடம்பெயர்ந்தவதான், தெரியுமே?" என்றார். எனக்குச் செய்தியாகத் தெரியும். 2008 சித்திரையில் சண்டை மடுவுக்குக் கிட்டவந்தபோது குருமார் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். "அவவே வெளிக்கிட்டிட்டா எண்டு கேள்விப்பட்ட அண்டைக்குத்தான் நானும் சாமான் கட்டத் தொடங்கினனான்," என்றார் அம்மா.

லூர்தில் இரவு ஒன்பது மணிக்கு மெழுகுதிரி ஏந்திக்கொண்டு பவனி போவார்கள். கோடைக்காலம் முழுக்க ஒவ்வொரு இரவும் நடக்கிறது. லூர்துக்குப் போனால் அதைப் பார்க்கவேண்டும் என்று போய்வந்த எல்லோரும் சொல்வார்கள். எங்கள் பஸ் பின்னேரம் ஐந்து மணிக்கு வெளிக்கிட்டது. கேட்டதற்கு "திட்டத்தில அப்பிடித்தான் அண்ணா இருக்கு" என்றார் வழிகாட்டி. நேர்த்திக்கடனோடு வந்த மனுசியைப் பவனிக்கு நாலு மணித்தியாலத்துக்கு முதல் ஏற்றிக்கொண்டு போகிற திட்டத்தை யார் போட்டார்கள் என்று எனக்கு இன்னும் கோபம்தான்.

நடுச்சாமம் தாண்டித்தான் ஹோட்டல் வந்தது. பொதிகளை மேலே கொண்டுபோக லிப்ட் இல்லை. விடிய ஐந்தரைக்கு எழுப்பல், ஆறுக்குப் பொதி கீழே, ஆறரைக்கு பஸ். ஒவ்வொரு நாளும் இதுதான். எங்கள் எல்லோருக்கும் எரிச்சல். மகள் என்னோடு கதைப்பதையே நிறுத்தியிருந்தாள். அம்மா மட்டும் இதில் ஒரு குறையும் சொல்லாமல் எல்லோருக்கும் முன்னால் தயாராக நின்றார். நானும் பெருமையாக மனைவியிடம் சொன்னேன், பார், மாமியைப் பார்த்துப் பழகு என்று. அன்றிரவு அம்மாவுக்கு மருந்து கொடுக்க அறைக்குள் போனபோதுதான் கண்டேன். சூட்கேஸ் பூட்டியபடியே இருந்தது. பயணம் வெளிக்கிட்டதில் இருந்து அவர் அதைத் திறக்கவேயில்லையாம், கைப்பைக்குள் இருந்த இரண்டு சேலையையே மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறார். கட்டிய சேலையோடு கட்டிலின் ஓரத்தில் சரிந்து கிடந்தார். தலையணைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பை. பாஸ்போர்ட், அடையாள அட்டை, மருந்துத் துண்டு, வட்டக்கச்சிக் காணிப் பெர்மிட்டின் போட்டோக்கொப்பி.

காணிப் பெர்மிட் ஏன் என்று தங்கச்சியைக் கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதண்ணா. தர்மபுரம், விசுவமடு, சுதந்திரபுரம் எண்டு ஓடேக்க ஒவ்வொரு இரவும் அவ இப்பிடித்தான் படுத்தவ. முகாமால வந்தபிறகும் ரெண்டு மூண்டு வருசம் இப்பிடித்தான். பிறகு விட்டிட்டா. இஞ்ச வந்து திரும்பத் தொடங்கீட்டா." நான் 2001 இல் வெளிக்கிட்டவன். 2009 இன் முதல் ஐந்து மாதத்தில் தொலைபேசி அடிக்காத நாட்கள் எத்தனை என்றுதான் எனக்குத் தெரியும்.

விளம்பரத் துண்டின் மேலே தடித்த எழுத்தில் "ஒவ்வொரு இரவும் ஒரு புதிய நகரம்" என்று போட்டிருந்தார்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் நான் மற்ற நிறுவனத்தை விட்டு இதை எடுத்தேன்.

அடுத்தநாள் முழுக்க ஓட்டம். சாப்பாட்டுப் பார்சல் அன்றைக்குப் புளித்திருந்தது, ஓகஸ்ட் வெக்கையில் பஸ்ஸின் அடியில் கிடந்த சோறு வேறு எப்படி இருக்கும்? இரண்டாம் நாள் தந்த சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் நல்லாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். பின்னேரம் ஜெனீவா. ஐக்கிய நாடுகள் கட்டடத்துக்கு முன்னால் கால் உடைந்த கதிரை ஒன்று நிற்கிறதே, 12 மீற்றர் உயர மரக் கதிரை, கண்ணிவெடிக்கு எதிராக 1997 இல் வைத்தது. அங்கே பதினைந்து நிமிடம். எல்லோரும் செல்பி எடுத்தார்கள். அம்மா கதிரையைப் பார்க்கவில்லை, கட்டடத்தைப் பார்த்தார். "இதுக்குள்ளதானே எங்கட கதையைக் கதைக்கிறவை?" என்றார். காணாமல் போன பிள்ளைகளுக்காக 2017 மாசியில் கிளிநொச்சியில் குந்தத் தொடங்கின தாய்மாரில் இரண்டு பேரை அம்மாவுக்கு நல்லாகத் தெரியும். "இவ்வளவு பெரிசா இருக்குதே," என்றார். பிறகு ஹோர்ன் அடித்தார்கள்.

சுவிஸை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 3,454 மீற்றரில் இருக்கிற யுங்பிராவ் நிலையத்துக்கு ரயில் சீட்டு வேறாகக் கட்டவேண்டும், ஆளுக்கு இருநூறு பிராங்குக்கு மேல். அம்மாவின் பிரஷருக்கு அந்த உயரம் வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மனைவியும் பிள்ளைகளும் தங்கச்சியும் போனார்கள், நானும் அம்மாவும் கீழே ஒரு புல்வெளி ஓரத்தில் இருந்தோம். எட்டு நாளிலும் அம்மா முழுதாகச் சந்தோஷமாக இருந்த மூன்று மணித்தியாலம் அது. வேலிக்கு அந்தப் பக்கம் கழுத்தில் மணி கட்டின மாடுகள். அம்மா ஒவ்வொரு மடியையும் பார்த்து எத்தனை லீற்றர் கறக்கும் என்று கணக்குப் போட்டார். ஒரு மாடு நொண்டுகிறது என்று கண்டுபிடித்து, வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லச் சொன்னார். நான் போகவில்லை என்று இன்னும் குறை.

லீக்டன்ஸ்டைன் என்ற நாட்டில் 35 நிமிடம் நின்றோம். 160 சதுரக் கிலோமீற்றர்தான் முழு நாடும். கிளிநொச்சி மாவட்டத்துக்குள் கிட்டத்தட்ட எட்டுத் தரம் வைக்கலாம். ஒரு கோப்பி குடித்தோம், ஆறாவது நாடு முடிந்தது. திரும்பவும் சுவிஸுக்குள் வந்து பார்த்த ரைன் அருவி 150 மீற்றர் அகலம், 23 மீற்றர் உயரம், தெறிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கிறது. ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்ற அம்மா, "இரணைமடுவில வான்கதவு எல்லாம் திறந்துவிட்டா இதைவிடச் சத்தம்," என்றார். எனக்கு அது கொஞ்சம் கூடத்தான் என்று பட்டது. தங்கச்சியும் ஓம் என்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து சேரும்போது கிட்டத்தட்ட 3,500 கிலோமீற்றர் ஓடியிருந்தோம். கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் ஐந்து தரம் போய்வந்த தூரத்துக்கு மேல். அம்மா நாலு நாள் கட்டிலில் கிடந்தார். தங்கச்சியின் 30 நாளில் அப்போது மிச்சம் பதினொன்று.

முறைப்பாடு செய்தீர்களா என்று கேட்பீர்கள். செய்தேன். இதைத் தெரிந்து வைத்திருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பஸ்ஸும் தங்குமிடமும் சேர்த்து விற்கிற பயணப் பொதிக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. ஜேர்மனியில் முற்பணம் வாங்க முதலே, நிறுவனம் முறிந்தால் உங்கள் காசு திரும்பிவரும் என்ற காப்புச் சான்றிதழ் தரவேண்டும். தராதவரிடம் காசு கட்டவேண்டாம். குறை இருந்தால் பயணத்தில் நிற்கும்போதே சொல்லிவிடவேண்டும், திரும்பி வந்து சொன்னால் அந்தக் கதை எடுபடாது. நான் இரண்டாம் நாளே இருக்கைச் சீட்டைப் படம் பிடித்து வழிகாட்டிக்கு வட்ஸ்அப்பில் எழுதிப் போட்டிருந்தேன். அதனால்தான் வழி வந்தது. வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. நான் அந்த அளவுக்குப் போகவில்லை. மூன்று கடிதத்துக்குப் பிறகு முன் இருக்கைக் காசு 60 யூரோ கணக்குக்கு வந்தது. மிச்சத்துக்கு அடுத்த பயணத்தில் கழிக்கிற மாதிரி 200 யூரோவுக்கு ஒரு கூப்பன் அனுப்பினார்கள்.

மிச்சம் இருந்த பதினொரு நாளும் நாங்கள் எங்கேயும் தங்கவில்லை. அப்போது மாதம் 58 யூரோவாக இருந்த ஜேர்மன் ரயில் சீட்டைப் பெரியவர்களுக்கு எடுத்தேன். வேக ரயில்கள் தவிர மற்ற ரயில், உள்ளூர் பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம். பத்து மணிக்கு வெளிக்கிட்டு, ஒரு இடம் பார்த்து, இரவு வீட்டுக்கு வந்து அம்மா தன்னுடைய கட்டிலில் படுப்பார். கொலோன் தேவாலயம் பார்த்தோம். 1248 இல் தொடங்கி 1880 இல்தான் கட்டி முடித்தார்கள் என்று மகள் வாசித்துச் சொன்னாள். "எங்கட வீட்டுத்திட்டம் இதைவிடக் கெதியா முடிஞ்சுது," என்றார் அம்மா. ஐந்தரை லட்சம் ரூபா இந்தியன் வீட்டுத்திட்டத்தில் கட்டின வீட்டின் விறாந்தையில் இருந்துதான் இதை எழுதுகிறேன், அத்திவாரத்துக்குக் காசு காணாமல் அம்மா காப்பு விற்றது எனக்குத் தெரியும். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவிலுக்கு இரண்டு தரம் போனோம். 2002 இல் கும்பாபிஷேகம் செய்த கோவில், சுற்றிவரத் தொழிற்சாலைகளும் லொறிகளும். அங்கே மதியம் அன்னதானச் சோறு சாப்பிட்ட அன்றுதான் மருமகன் முதல்முதலாக இன்னொரு தரம் சோறு கேட்டான். அந்தக் கிழமைதான் ஒருநாள் அம்மா சூட்கேஸைத் திறந்து உடுப்புகளை அலுமாரிக்குள் அடுக்கினார்.

அந்த பஸ் பயணத்துக்கு ஐந்துக்கு ஒன்றரை கொடுக்கலாம். அந்த ஒன்றும் போலந்துச் சாரதிக்கு, அரை இரண்டாம் நாள் கத்தரிக்காய்க்கு. இருபத்தைந்து வயதுப் பெடியள் நாலுபேர் சேர்ந்து போவதென்றால் பகிடியாகப் போய்வரலாம். தாய் தகப்பனைக் கூட்டிப்போகிறவர்கள் லூர்துக்கென்றால் லூர்துக்கு மட்டும் போங்கள், இரண்டு இரவு ஒரே ஹோட்டலில் நில்லுங்கள், பவனியைப் பாருங்கள்.

இதையெல்லாம் சின்னம்மாவுக்கு ஒரு மணித்தியாலமாக விளக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். குசினிக்குள் இருந்து அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் சின்னம்மா எழும்பிப் படலைவரைக்கும் போய்த் திரும்பி நின்றார்.

"எல்லாம் சரி தம்பி. உந்தக் கூப்பனை நீ பாவிக்கப் போறியே, இல்லாட்டி என்ர பெடியனுக்குக் குடுக்கலாமே?"

பெயர் மாற்ற முடியாது என்று கூப்பனில் கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. இந்த வருடம் ஐப்பசிவரை செல்லும்.